கணினி மொழி இலக்கணத்திற் கழிவன

மக்கள் வாயிற் பிறந்து வளர்ந்த மொழிக்கு இலக்கணம் பின்னரே வகுக்கப்படுகின்றது. வழக்கும் செய்யுளும் முன்னே செல்ல, இலக்கணகாரர் அவற்றின் அடிச்சுவடு பற்றிச் செல்வர். ஒரு சொல் வழக்கொழியுமிடத்து, அதனை ஒழித்தவர் இன்னார் என்று எவரையும் சுட்டிக் கூறுதல் இயலாது. கணினிக்கு ஆணையிடுதற்கென அறிஞர் ஆக்கிக்கொண்ட செய்நிரல் மொழிகளின் நிலை இதனின் வேறானது. அம்மொழிகளுட் பலவற்றுக்கு நியமம் எனப்படும் விதிநூல் உண்டு. அதனை வகுக்கும் குழுவினர் உளர். அவர் கூடியிருந்து ஆராய்ந்து, இன்ன கூறு இனி வேண்டா என ஆண்டு குறித்துத் தீர்மானிக்கின்றனர். அங்ஙனம் தீர்மானிக்குமிடத்து அவர் கைக்கொள்ளும் முறை யாது, அதனால் ஏனையோர்க்கு விளையும் நன்மையும் இடரும் யாவை என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தமிழ் கற்பிப்போர்க்கு இத்துறையில் என்ன அலுவல் என்று சிலர் வினவலாம். இலக்கணம் என்று ஒன்று இருக்குமிடமெல்லாம் எமக்கும் சிறிது இடமுண்டு என்பதே எமது விடை. அன்றியும், இக்கல்லூரியின் பழைய மாணவருள் இத்துறையிற் பணிபுரிவோர் பலர். உயர்தர வகுப்பிற் பைதன் மொழி பயிலும் இளைஞரும் இம்மலரைப் படிப்பர். எனவே பொருள் புறத்ததன்று.

முதற்கண் சொல்லை நோக்குவோம். ஒரு கூறு விரைவில் விலக்கப்படும் நிலையை அடையும்போது ஆங்கிலத்தில் அதனை 'டெப்ரிகேற்றட்' என்பர். இச்சொல்லின் இலத்தீன் வேர், தீங்கு வாராவண்ணம் வேண்டி விலக்குதல் என்னும் பொருளது. கணினித்துறையில் அது தரும் பொருள் யாதெனின், 'இவ்விதி இன்னும் செல்லும். ஆயினும் புதிதாக எழுதுவோர் இதனைக் கையாளற்க. பின்னர் இது நீக்கப்படலாம்' என்பதாம். நாம் இதனைக் 'கழிதற்குரியது' என வழங்குவோம். முற்றாக நீக்கப்பட்டதனைக் 'கழிந்தது' என்போம்.

எம் இலக்கணத்தில் வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்று நிலை கூறப்படுதலை யாவரும் அறிவர். கணினித்துறையினரும் பிழையை வழு என்றே தமிழில் வழங்குகின்றனர்; மகிழத்தக்க பொருத்தம். கழிதற்குரியது என்பது இம்மூன்றனுள் எதன்பாற்படும்? வழுவமைதி போலத் தோன்றும், ஆயின் அன்று. வழுவமைதியாவது, இயல்பில் வழுவாய் நின்ற ஒன்றை உவப்பு, உயர்வு, சிறப்பு முதலிய காரணம் பற்றி ஆசிரியர் அமைத்துக்கொள்வது. அது வழுவிலிருந்து வழாநிலை நோக்கி வரும். கழிதற்குரியதோ நேற்றுவரை வழாநிலையாய் நின்றது. நாளை வழுவாகப் போவது. இன்று இடைவழியில் நிற்பது. அது செல்லும் திசை எதிர்த்திசை. தமிழ் இலக்கண நூல்களில் இத்தகைய இடைநிலைக்குத் தனிப்பெயர் இல்லாமைக்குக் காரணம், நாளை எது கழியும் என்பதை எம் ஆசிரியர் எவரும் முன்கூட்டி ஆணையிடாமையேயாம். சகர மெய் அகரத்தோடும் ஐகாரத்தோடும் ஔகாரத்தோடும் கூடி மொழிக்கு முதலாகாது எனத் தொல்காப்பியர் விதித்தார். நன்னூலார் காலத்தில் அவ்விலக்கு நீங்கிவிட்டது. இடையில் எவரும் 'இவ்விதி இன்ன ஆண்டிற் கழியும்' என அறிவித்திலர்.

இவ்விடைநிலையை முறையாக வகுத்த மொழிகளுள் போர்ட்ரான் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. ஜோன் பக்கஸ் என்பார் தலைமையில் ஐ. பி. எம். நிறுவனத்தார் ஆக்கிய இம்மொழி 1957ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது. கணிதச் சூத்திரங்களைக் கணினிக்கு விளங்கும் ஆணைகளாக மாற்றுதலே இதன் நோக்கம். இதற்கு நியமம் வகுக்கப்பட்டது 1966இல். எனவே இம்மொழியில் வழக்கே முந்தியது. இலக்கணம் ஒன்பது ஆண்டு பிந்தியது. 1977 என்னும் பெயரோடு இரண்டாம் நியமமும், பின்னர் போர்ட்ரான் 90 என்னும் நியமமும் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக நியமங்கள் பெருகவே, பழைய கூறுகளை என் செய்வது என்னும் வினா எழுந்தது. அவற்றை அப்படியே வைத்துக்கொண்டே போனால் மொழி பருத்துப் பயில்வார்க்கு மலைப்பைத் தரும். வெட்டி எறிந்தாலோ, விஞ்ஞானிகளும் பொறியியலாளரும் பல்லாண்டு முயன்று எழுதி, சோதித்து, நம்பி வைத்திருக்கும் செய்நிரல்கள் ஒரே நாளிற் பயனற்றுப் போம்.

1991இல் வெளியான போர்ட்ரான் 90 நியமம் இதற்கு ஒரு வழி கண்டது. அது கழிதற்குரியன என ஒரு பட்டியலும், கழிந்தன என ஒரு பட்டியலும் வகுத்தது. முதற்பட்டியலிற் சேர்தற்கு ஒரு கூறு இரண்டு இயல்பு உடையதாதல் வேண்டும்: அது மிகையாதல் வேண்டும், அதனினும் சிறந்த வழி ஒன்று முந்திய நியமத்திலேயே இருத்தல் வேண்டும். முந்திய நியமத்திலேயே என்ற இந்நிபந்தனை மிக நுண்ணியது. புதுவழியை இன்று தந்து, இன்றே பழைய வழியைக் குறைகூறுவது முறையன்று. மாற்றுவழி முன்னரே மக்கள் கையிற் பழகியிருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. கழிந்தன என்னும் இரண்டாம் பட்டியலில் அம்முறை ஒன்றேனும் இல்லை. பட்டியலின் தலைப்பை மட்டும் இட்டு, அதனை வெறுமையாக விட்டனர். 'இங்கே பின்னர்ச் சில வரும்' என்று வாசலில் எழுதி வைத்ததுபோல் இருந்தது அது.

இன்னுமொரு செய்தி எமக்கு உவப்பளிப்பது. நியமநூலின்கண் கழிதற்குரிய கூறுகளைப் பற்றிய பகுதிகள் சிற்றெழுத்தில் அச்சிடப்பட்டன. மூலத்தைப் பேரெழுத்திலும் உரையைச் சிற்றெழுத்திலும் பதித்த பழைய பதிப்புகளைக் கண்டு பழகிய எம்போன்றோர்க்கு இஃது உடனே விளங்கும். நூலைப் புரட்டுவோன் கண்ணாலேயே ஒரு கூற்றின் தகுதியை உணர்ந்துகொள்வான். மேலும், செய்நிரலைப் பொறிக்கு விளங்கும் வடிவத்துக்கு மாற்றித்தரும் தொகுப்பான், கழிதற்குரிய கூறு வருமிடத்து அதனைக் கண்டு கூறும் ஆற்றல் உடையதாதல் வேண்டும் எனவும் விதித்தனர்.

அடுத்து வந்த போர்ட்ரான் 95 நியமத்தில், 1997இல், ஐந்து கூறுகள் உண்மையாகவே கழிந்தன. அவற்றுட் சிலவற்றைச் சிறிது நின்று நோக்குதல் தகும். எச் என்னும் எழுத்தால் குறிக்கப்பெற்ற ஒரு வடிவம் அவற்றுள் ஒன்று. துளையட்டைக் கணிப்பீட்டின் முன்னோடியாகிய ஹொலரித் என்பாரின் பெயர்முதலெழுத்து அது. பன்னிரண்டு எழுத்துள்ள தொடரை அச்சிடவேண்டின், 12 என எண்ணிட்டு, எச் என எழுதி, அதன்பின் அப்பன்னிரண்டு எழுத்தையும் எழுதல் வேண்டும். இடைவெளியும் எழுத்தாக எண்ணப்படும். ஓரெழுத்துக் கூடினும் குறையினும் கூற்று முழுவதும் குழம்பிவிடும். எம்மவரும் எழுத்தெண்ணிப் பாடியவரே: கட்டளைக் கலித்துறை அடி நேரசையில் தொடங்கின் ஒற்று நீங்கலாகப் பதினாறும், நிரையசையில் தொடங்கின் பதினேழும் கொள்ளும். அங்கே எண்ணிக்கை ஓசையின்பம் பயக்கும். இங்கே அது தலைவலியே பயந்தது. மேற்கோட்குறிகளுக்கிடையே தொடரை எழுதிவிடும் எளிய முறை 1977ஆம் ஆண்டு நியமத்திலேயே வந்துவிட்டமையால், எச் வடிவம் கழிந்ததற்கு வருந்தினோர் சிலரேயாவர்.

இரண்டாவது, 'போஸ்' என்னும் நிறுத்தக்கூற்று. செய்நிரல் இடையே நின்று, கணினி இயக்குபவர் தலையிட்டுத் தொடரச் சொல்லும்வரை காத்திருக்கும். பெரிய அறையிற் பொறி நிற்க, அதன் அருகே ஒருவர் நின்று காந்த நாடாச் சுருளை மாற்றிக்கொண்டிருந்த காலத்துக்கு உரியது அது. இயக்குபவரும் போயினர், சுருளும் போயிற்று, கூற்று மாத்திரம் எஞ்சியிருந்தது.

மூன்றாவதுதான் மிக்க அறிவூட்டுவது. ஒரு செயலைப் பன்முறை மீளச் செய்விக்கும் கூற்றில், எண்ணிக்கைக்கு முழுவெண்ணை மட்டுமன்றித் தசம எண்ணையும் 1977ஆம் ஆண்டு நியமம் அனுமதித்திருந்தது. சுழியில் தொடங்கி, 0.1 ஆகக் கூட்டி, 1 வரை செல்க எனலாம். எத்தனை முறை அச்செயல் நிகழும்? பதினொரு முறை என்பான் சிறுவன். கணினியோ துவித எண்முறையிற் கணிப்பது. மூன்றிலொன்றைத் தசமத்தில் முற்றாக எழுதுதல் எங்ஙனம் இயலாதோ, அங்ஙனமே பத்திலொன்றைத் துவிதத்தில் முற்றாக எழுதுதல் இயலாது. எனவே சிறு வழு ஒன்று உட்புகுந்து, ஒரு பொறியிற் பதினொரு முறையும் மற்றொரு பொறியிற் பத்து முறையும் நிகழக்கூடும். விதி தெளிவாகவே இருந்தது. விளைவுதான் பொறிக்குப் பொறி வேறுபட்டது. இத்தகைய கூறு கழிதல் நன்றேயாம்.

இதுகாறும் கூறியதனால், மெல்லச் செல்வதே எஞ்ஞான்றும் நலம் என்று எவரும் கொள்ளற்க. மெல்லச் சென்றமையால் விளைந்த தீங்கு ஒன்றும் உண்டு. சி என்னும் மொழியின் நூலகத்தில் 'கெற்ஸ்' என ஒரு சார்பு இருந்தது. வெளியிலிருந்து வரும் ஒரு வரியை வாங்கி, நினைவகத்திற் சுட்டிய இடத்தில் இடுதல் அதன் தொழில். அவ்விடம் எத்துணைப் பெரியது என்பதை அதற்குச் சொல்லுதற்கு வழியே இல்லை. சிறு செம்பை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, கிணற்றுநீர் முழுவதும் வரினும் வார்த்துக்கொண்டேயிரு என்பது போன்றது அது. நிரம்பி வழிவது அருகிலுள்ள நினைவகத்தை அழிக்கும். அழிப்பது தற்செயலாயின் செய்நிரல் குலையும். அறிந்து ஒருவன் செய்யின் அவன் எழுதியனுப்பிய ஆணைகளையே பொறி நிறைவேற்றத் தொடங்கும்.

1988 நவம்பர் 2ஆம் நாள் அதுவே நிகழ்ந்தது. அமெரிக்காவில் மொறிஸ் என்னும் மாணவர் ஒருவர் விடுத்த, தானே பரவும் செய்நிரல், இன்று 'மொறிஸ் புழு' எனப்படுவது, வலையமைப்பில் இணைந்திருந்த பல்லாயிரம் கணினிகளை முடக்கியது. அது புகுந்த வாயில்களுள் ஒன்று இந்தக் கெற்ஸ். 512 எழுத்துக்கு ஒதுக்கிய இடத்துக்கு அப்புழு 536 எழுத்துகளை அனுப்பிற்று. எஞ்சிய 24 எழுத்துகளே வாயிலைத் திறந்தன. இவ்வளவும் உலகறிய நிகழ்ந்தபின், அடுத்த ஆண்டில், 1989இல், வெளியான சி மொழியின் முதல் நியமத்திலும் கெற்ஸ் இடம்பெற்றது. 1999ஆம் ஆண்டு நியமத்திலும் அது இருந்தது. 2007இல் வந்த திருத்தமே அதனைக் கழிதற்குரியது என்றது. 2011இல் அது கழிந்தது. புழுவிற்கும் நீக்கத்திற்கும் இடையே 23 ஆண்டுகள்.

மாற்றுவழி இல்லாமையாற் பொறுத்தனர் என்றும் கூறவியலாது. 'எவ்கெற்ஸ்' என்னும் வேறொரு சார்பு, இடத்தின் அளவையும் கேட்டுப் பெறுவது, முதல் நியமத்திலேயே உடனிருந்தது. எம் கருத்தில், மிகையானது என்ற காரணத்தாற் கழிவதற்கும், தீங்கானது என்ற காரணத்தாற் கழிவதற்கும் ஒரே தவணை கொடுத்தல் பொருந்தாது. எச் வடிவம் இன்னும் ஐம்பதாண்டு இருந்தாலும் எவர்க்கும் கேடில்லை. கெற்ஸ் இருந்த ஒவ்வோராண்டும் புதிய மாணாக்கர் அதனைக் கற்றனர், கற்று எழுதினர். ஆயினும் மாற்றுவது அத்துணை எளிதன்று என்பதனையும் நடுவுநின்று கூறல் வேண்டும். வரியின் இறுதிக்குறியைக் கெற்ஸ் நீக்கிவிடும். எவ்கெற்ஸ் அதனை வைத்துக்கொள்ளும். பெயரை மட்டும் மாற்றினவன் செய்நிரலில் வேறொரு வழு தோன்றும்.

எச்சரிக்கை பற்றியும் சிறிது கூறுவோம். ஜாவா மொழியில், இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு பணியிழையை வெளியிலிருந்து வலிந்து நிறுத்தும் வழி ஒன்று இருந்தது. பேரேட்டில் ஒரு பக்கம் வரவெழுதி மறுபக்கம் செலவெழுதுமுன் எழுதுவினைஞரைக் கைப்பற்றி வெளியே இழுத்துவிடுதல் போன்றது அது. கணக்கு அரைகுறையாக நிற்கும், பூட்டும் திறந்து கிடக்கும். 1998இல் இதனைக் கழிதற்குரியது என அறிவித்ததோடு அமையாது, ஏன் அவ்வாறாயிற்று என விளக்கமும் எழுதிச் சேர்த்தனர். நற்செயல். ஆனால் அஃது எப்போது கழியும் என்று கூறிற்றிலர். ஆண்டுகள் சென்றன. தொகுப்பான் எச்சரிக்கும், எழுதுபவன் புறக்கணிப்பான். நாடோறும் அடிக்கும் மணி காதில் விழாமற்போவது போல எச்சரிக்கையும் விழாமற்போயிற்று. 2017இல், ஜாவாவின் ஒன்பதாம் பதிப்பில், கழிதற்குரியதெனும் குறியோடு 'இது நீக்கப்படவே போகின்றது' எனும் உறுதிக்குறியும், 'இன்ன பதிப்பு முதல்' எனும் காலக்குறியும் சேர்க்கும் முறை ஏற்பட்டது. முன்னர்க் கூறிய அந்நிறுத்தக்கூற்றோ 2023இல் வந்த இருபதாம் பதிப்பிலேயே செயலிழந்தது; இப்போது அதனை அழைப்பின் மறுப்பே விடையாக வரும்.

இனிப் பைதன். இம்மொழியினர் மூன்றாம் பதிப்பை 2008 டிசம்பரில் வெளியிட்டபோது, பழைய செய்நிரல்கள் அதில் அப்படியே இயங்கா என வெளிப்படையாகக் கூறியே வெளியிட்டனர். 'பிரின்ற்' என்பது கூற்றாக இருந்தது சார்பாக மாறி, அடைப்புக்குறி வேண்டுவதாயிற்று. பழைய பாடநூலொன்றைக் கையில் வைத்துக்கொண்டு பயிலும் மாணவன் முதல் வரியிலேயே வழுச்செய்தி பெற்றுத் தன்மேற் குறைகாண்பது இதனாலேயே. குறை அவனுடையதன்று, நூலின் ஆண்டினுடையது. ஆயினும் இம்மாற்றம் அஞ்சத்தக்கதன்று. வழுவென்று உடனே தெரிந்துவிடும்.

அஞ்சத்தக்கது வகுத்தல். இரண்டாம் பதிப்பில் 7ஐ 2ஆல் வகுப்பின் 3 வரும். மூன்றாம் பதிப்பில் 3.5 வரும். எழுத்து ஒன்றே, பொருள் வேறு. பொறி எதிர்ப்புச் சொல்லாது. 'நாற்றம்' என்ற சொல் பண்டு நறுமணத்தையும் குறித்தது. இன்று அதனைக் கேட்டு மூக்கைப் பொத்துகின்றோம். பழஞ்செய்யுளைப் படிப்போன் உரையின்றிப் படித்தால், சொல் தெரிந்ததே என்று எண்ணிப் பொருளைத் தவறவிடுவான். தெரியாத சொல்லினும் தெரிந்ததுபோல் நிற்கும் சொல்லே மயக்கம் மிகத் தருவது. பைதன் குழுவினர் இதனை உணர்ந்து, 2001ஆம் ஆண்டிலேயே முழுவெண் வகுத்தலுக்கு வேறொரு குறியைத் தந்து, புதுப்பொருளை விரும்பினோர் தம் செய்நிரலின் தலைப்பில் ஒரு வரி எழுதி முன்னரே ஏற்றுக்கொள்ளவும் வழிசெய்தனர். அத்துணை முன்னேற்பாடு இருந்தும் உலகம் மெல்லவே நகர்ந்தது. இரண்டாம் பதிப்புக்கு 2015இல் ஆதரவு நிற்கும் என்றிருந்த தவணை 2020 சனவரி முதலாம் நாள் வரை நீட்டப்பட்டது. தேவையற்றதென நீக்கிய ஒரு சிறு முன்னொட்டு, பழைய செய்நிரல்களை மாற்றுவோர் படும் பாட்டை நோக்கி, 2012இல் மீளச் சேர்க்கப்பட்டது. நீக்கியதைத் திருப்பித் தருதற்கு விதிநூலாசிரியர்க்கு நெஞ்சுரம் வேண்டும். அதற்காக அவரை நாம் மெச்சுகின்றோம்.

விதி கழிந்தால் வழக்கும் கழிந்துவிடும் என்று எண்ணுதலும் கூடாது. அறிவிக்கப்படாத ஒரு சார்பை அழைப்பதனைச் சி மொழி நியமம் 1999இல் விலக்கிற்று. பெருவழக்கிலுள்ள ஜி. சி. சி. என்னும் தொகுப்பான் அதனை எச்சரிக்கையோடு விட்டுக்கொண்டே வந்து, 2024இல் வந்த பதினான்காம் பதிப்பிலேயே வழுவாகக் கொண்டது. இருபத்தைந்தாண்டுகளாக நூலில் ஒரு சட்டமும் பொறியில் ஒரு சட்டமும் நிலவின. தொகுப்பான் செய்வோரை இதற்காக யாம் பெரிதும் குறைகூற மாட்டோம். அவரிடம் வருவோர், தாம் எழுதாத, எழுதியவர் இளைப்பாறிவிட்ட செய்நிரலை இயங்கவைக்க வேண்டியவர். ஒரு வரியை மாற்றுதல் எளிது. மாற்றியபின் வங்கிக் கணக்கும் காப்புறுதிக் கணக்கும் முன்போலவே வருகின்றனவா எனச் சோதித்தலே பெருஞ்செலவு. கோபோல் மொழியின் 1985ஆம் ஆண்டு நியமம் வரைவாய் இருந்தபோது, பெரும் பயனாளர் இச்செலவையே காட்டி எதிர்த்தனர். அந்நியமம் காலந்தாழ்ந்தே நிறைவேறியது. இயங்கும் செய்நிரலின் போக்கை இடையிலேயே மாற்றியமைத்து வாசிப்போரை மயக்கும் 'ஓல்ற்றர்' என்னும் வினையை அந்நியமம் உடனே நீக்காமற் கழிதற்குரியது என்று மட்டும் குறித்தது. நீக்கம் 2002ஆம் ஆண்டு நியமத்தில் வந்தது. விதி வகுப்போர் வேறு, அதன் விலையைச் செலுத்துவோர் வேறு என்னும்போது தவணை இன்றியமையாதது.

கழிவன யாவும் பழையனவே என்று கொள்வதற்கும் இல்லை. போர்ட்ரான் 95 நியமம் எச் வடிவத்தைக் கழித்த அதே நூலில், 'போரோல்' என்னும் புதுக்கூற்றைச் சேர்த்தது. அணியிலுள்ள உறுப்புகளுக்கெல்லாம் ஒருங்கே மதிப்பிடுவதற்கும், பல செயலிகள் ஒருசேர உழைப்பதற்கும் அது உதவும் என எதிர்பார்த்தனர். ஆனால் வலப்பக்கத்தை முழுவதும் கணித்து முடித்த பின்னரே இடப்பக்கத்தில் இடுதல் வேண்டும் என்னும் அதன் விதி காரணமாகத் தொகுப்பான்கள் இடைநிலை விடைகளைத் தனியே சேமிக்க நேர்ந்தது. எதிர்பார்த்த விரைவு கிட்டவில்லை. 2008ஆம் ஆண்டு நியமத்தில் அதனினும் செவ்விய வேறொரு கூற்று வந்தது. 2018ஆம் ஆண்டு நியமத்திற் போரோல் கழிதற்குரியதாயிற்று. இன்று அந்நூலைத் திறப்போர் அதனையும் சிற்றெழுத்திலேயே காண்பர்.